காய்ச்சலில் ஏறிய கல்லீரல் எண்கள்: வைரஸா, மாத்திரையா?

தண்டையார்பேட்டை மகள் | நவம்பர் 18, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67, எடை 52 கிலோ. துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு நாட்களாகக் காய்ச்சல், வறட்டு இருமல், இரண்டு கால் ஆடுசதையிலும் நடக்க முடியாத வலி. மூன்றாம் நாள் எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளுயன்சா ஏ என்று வந்தது. ஓசெல்டாமிவிர் 75 மி.கி. காலையும் இரவும் ஐந்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் 95இல் நிற்கிறது. நேற்றிலிருந்து குமட்டல் அதிகமானதால் லிவர் டெஸ்ட் எடுத்தோம். எஸ்.ஜி.ஓ.டி. 164, எஸ்.ஜி.பி.டி. 121, பிலிருபின் 1.1, அல்புமின் 3.4, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 98. மூன்று நாட்களாகக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. குடிப்பழக்கத்தை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

இதைக் கண்டு நான் இவ்வளவு பதறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் அப்பா ஒன்பது நாட்கள் ஆக்சிஜனில் இருந்தார். ரெம்டெசிவிர், டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு, இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி, அசித்ரோமைசின், ஐவர்மெக்டின் எல்லாம் கொடுத்தார்கள். அப்போதும் எஸ்.ஜி.பி.டி. 97லிருந்து 210 வரை ஏறியது. வீட்டுக்கு அனுப்பும்போது "தானே இறங்கிவிடும்" என்றார்கள். நாங்களும் அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அன்று கொரோனா கல்லீரலைக் கெடுத்துவிட்டுப் போயிற்றா, அதன் தொடர்ச்சிதான் இதுவா, அல்லது இப்போது கொடுக்கும் மருந்துகளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஆய்வகர் | நவம்பர் 18, இரவு 10.05

சகோதரி, நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தத் தாளைப் பார்த்ததும் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் நொதிகள். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலுக்கு மட்டும் உரியதன்று; தசையிலும், இதயத்திலும், சிவப்பணுவிலும் இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கு உரியது. இரண்டில் முதலாவது கூடுதலாக இருந்து, ஆடுசதையும் வலிக்கிறதென்றால், அந்த 164இல் ஒரு பங்கு தசையிலிருந்து வந்திருக்கலாம். இன்ஃப்ளுயன்சா தசையைப் புண்ணாக்கும் என்பது தெரிந்ததே. தசையிலிருந்து கசியும் நொதியைக் காட்டும் சி.பி.கே. என்ற பரிசோதனையைச் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும். இரத்தம் எடுக்கும்போது ஊசிக்குழலில் சிவப்பணு உடைந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி. கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆனால் எஸ்.ஜி.பி.டி. 121 என்பதற்குத் தசையைக் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எடுக்கவில்லையா?

ராயபுரம் மருந்தாளுநர் | நவம்பர் 18, இரவு 10.20

வைரஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள், அம்மா. இந்த ஆறு நாட்களில் அப்பாவின் வாய்க்குள் போன எல்லா மாத்திரைகளையும், மருத்துவர் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது என்று எதையும் விடாமல், ஒரு தட்டில் கொட்டி வையுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்புறத்திலும் சிறிய எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். முன்புறம் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பின்புறத்தைப் படித்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதும் வேண்டும்.

தண்டையார்பேட்டை மகள் | நவம்பர் 18, இரவு 10.50

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கை நடுங்குகிறது.

முதலாவது, மருத்துவர் எழுதிய பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டாவது, தம்பி வாங்கி வந்த சளி மாத்திரை. அதன் பின்புறத்தில் பாராசிட்டமால் 500 மி.கி. என்றும், கூடவே குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் என்றும் இருக்கிறது, தினமும் மூன்று. மூன்றாவது, அம்மா கடையில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டதற்குக் கொடுத்த செட் மாத்திரை. காக்கிக் காகித உறையில் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டும்போது பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. என் கையிலிருக்கும் துண்டில் "மால் ஐ.பி. 325" என்ற எழுத்துகளும், அதற்கு மேல் "அசெக்ளோ" என்பதும் மட்டும் தெரிகின்றன. அதைக் காலையும் இரவும் கொடுத்திருக்கிறார் அம்மா. நான்கு நாட்களாக மூன்றும் சேர்ந்தே போயிருக்கின்றன. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

ராயபுரம் மருந்தாளுநர் | நவம்பர் 18, இரவு 11.00

650ஐ நான்கால் பெருக்கினால் 2,600. 500ஐ மூன்றால் பெருக்கினால் 1,500. செட் மாத்திரைத் துண்டில் தெரிவது அசெக்ளோஃபினாக் என்ற வலி மருந்தோடு சேர்ந்த பாராசிட்டமால்; 325ஐ இரண்டால் பெருக்கினால் 650. ஒரு நாளைக்கு 4,750 மி.கி. பாராசிட்டமால். பெரியவர்களுக்கு உச்ச வரம்பே 4,000. அது நல்ல உடல்வாகு உள்ளவர்களுக்கு. உடனே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இந்த இழையில் மருத்துவர் யாரேனும் இருந்தால் தயவுசெய்து இப்போதே பதில் சொல்லுங்கள்.

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 18, இரவு 11.10

அம்மா, விளக்கத்தைப் பிறகு எழுதுகிறேன். 52 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 4,750 மி.கி. என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 91 மி.கி. ஒரு நாளில் கிலோவுக்கு 75ஐத் தாண்டினாலே மருத்துவமனையில் பார்க்க வேண்டும். அப்பா மூன்று நாட்களாகச் சாப்பிடவில்லை, குமட்டலும் இருக்கிறது. காலைவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தட்டில் கொட்டிய அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "நான்கு நாட்களாக மூன்று இடங்களிலிருந்து பாராசிட்டமால் சேர்ந்து போயிருக்கிறது, கடைசி மாத்திரை இத்தனை மணிக்கு" என்ற ஒரு வரியை முதலில் சொல்லுங்கள். மற்றவற்றை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஓசெல்டாமிவிரையும் அவர்களிடம் காட்டுங்கள். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தண்டையார்பேட்டை மகள் | நவம்பர் 21, மாலை 5.15

உங்கள் அனைவருக்கும் என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றோம். ஐ.என்.ஆர். 1.3 என்று வந்தது. இரத்தத்தில் பாராசிட்டமால் அளவு பார்த்துவிட்டு, என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து 21 மணி நேரம் ஏற்றினார்கள். சி.பி.கே.யும் கூடுதலாகவே இருந்தது; ஆய்வகர் ஐயா சொன்னது சரிதான். இன்று எஸ்.ஜி.ஓ.டி. 110, எஸ்.ஜி.பி.டி. 118, ஐ.என்.ஆர். 1.1. காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஆனால் அங்கே வழக்கமாக எடுக்கும் பரிசோதனைகளில் இன்னொன்று வந்திருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவ். ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் இல்லை, எனவே இது புதிதாகத் தொற்றியதன்று, பல ஆண்டுகளாக உள்ளே இருந்திருக்கிறது என்றார்கள். 2021ஆம் ஆண்டுக் கோப்பைத் தேடி எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அதில் இந்தப் பரிசோதனையே இல்லை. மருத்துவர் ஐயா, நேரம் இருந்தால் விளக்குங்கள்.

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 21, இரவு 10.30

அப்பா இட்லி சாப்பிட்டதைப் படித்ததும் நிம்மதியானது. அம்மா, உங்கள் முதல் கேள்வி "வைரஸா, மாத்திரையா" என்பது. பெரும்பாலான நோயாளிகளில் "இரண்டும், அவற்றோடு ஏற்கெனவே இருந்ததும்" என்பதே அதற்குப் பதில். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சுவாசத் தொற்று வைரஸ்கள் நேராகக் கல்லீரலுக்குள் புகுந்து அழிப்பது குறைவு. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற ஏற்பி, கல்லீரல் செல்களைவிடப் பித்த நாளத்தின் உட்சுவர்ச் செல்களில்தான் அதிகம். அப்படியிருந்தும் மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் நொதி ஏறியவர்கள் நிறையப் பேர். ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், ஏழில் ஒருவரிலிருந்து இருவரில் ஒருவர் வரை கணக்குகள் உண்டு. பெரும்பாலும் இயல்பளவைப்போல் ஓரிரு மடங்கு ஏற்றம்தான். அதற்குக் காரணம் உடல் முழுவதும் எழும் அழற்சி, இரத்த ஆக்சிஜன் குறைவு, சிறு குழாய்களில் இரத்தம் உறைதல், இதயம் தளர்ந்தால் கல்லீரலில் இரத்தம் தேங்குதல் ஆகியவை. இறந்தவர்களின் கல்லீரல் திசுக்களை ஆராய்ந்தபோதும் கொழுப்புப் படிவு, மெல்லிய அழற்சி, நுண்குழாய்களில் தேக்கமும் உறைகட்டிகளும் ஆகியவையே அதிகம் தெரிந்தன.

இப்போது சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதிலும் முக்கால் பங்கு, குடலைச் சுற்றிவிட்டு ஆக்சிஜனை ஓரளவு கொடுத்துவிட்டு வரும் இரத்தம். அந்த இரத்தம் கல்லீரலின் ஒவ்வொரு சிறு மடலிலும் ஓரத்திலிருந்து நடுவில் இருக்கும் சிரையை நோக்கி நடக்கிறது. ஓரத்துச் செல்களுக்கு ஆக்சிஜன் முதலில் கிடைத்துவிடும். நடுச் சிரையைச் சுற்றிய செல்களுக்கு மிஞ்சியதுதான். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் வாடுவது அந்தக் கடைமடை.

பாராசிட்டமாலின் பெரும்பகுதி தீங்கில்லாமல் சிறுநீரில் போய்விடும். சிறு பகுதி மட்டும் என்.ஏ.பி.க்யூ.ஐ. என்ற நச்சுப் பொருளாக மாறும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி எங்கே அதிகம் தெரியுமா? அதே நடுச் சிரையைச் சுற்றிய செல்களில்தான். உடனுக்குடன் அந்த நச்சைக் கட்டிப் போடுவது குளுட்டதயோன். பட்டினி கிடந்தால் குளுட்டதயோன் இருப்பு குறைந்துவிடும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு இருப்பும் குறையும், நச்சை உண்டாக்கும் நொதியும் கூடும். ஆகவே காய்ச்சலில் சாப்பிடாமல் கிடக்கும், மூச்சுத் திணறும், மூன்று பெயர்களில் பாராசிட்டமால் விழுங்கும் ஒருவருக்கு எல்லா அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. அன்றிரவு அப்பாவுக்கு ஏற்றிய என்-அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளுட்டதயோனை மீண்டும் உண்டாக்கிக் கொடுக்கும் மருந்து. அதற்காகத்தான் காலைவரை பொறுக்க வேண்டாம் என்றேன். அளவு மீறிய பாராசிட்டமால் முதல் நாளில் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, பிறகு கல்லீரலைச் சாய்க்கக்கூடியது.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் செல் உடைந்து கசிந்ததைச் சொல்லும் எண்கள். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று சொல்வன ஐ.என்.ஆர்., பிலிருபின், அல்புமின். நொதி 150இலேயே நின்றாலும் ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போகும் நோயாளிக்காகத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

2021ஐப் பற்றி நாளை எழுதுகிறேன். வெளிநோயாளிகள் காலையில் காத்திருப்பார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை செவிலியர் | நவம்பர் 22, காலை 11.20

ஓய்வு பெற்ற செவிலியர் நான். 2021 மே மாதத்தில் தினமும் பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் நின்றவள். அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. வார்டில் ஒரு படுக்கை காலியாவதற்குள் வாசலில் நான்கு ஆம்புலன்ஸ் நிற்கும். ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் விடியற்காலையிலிருந்து மக்கள் வரிசையில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அந்த மருந்து ஏற்றுவதற்கு முன் லிவர் டெஸ்டும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்பது விதி, எஸ்.ஜி.பி.டி. இயல்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் போனால் நிறுத்துவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனையை நாங்கள் தவறவிடாமல் பார்த்தோம். ஆனால் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் ஹெப்படைட்டிஸ் பி பார்க்க வேண்டும் என்பது, அந்த நெருக்கடியில் பல இடங்களில் விடுபட்டுப்போயிற்று. உங்கள் கோப்பில் அது இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை, மகளே. ஆனால் வருத்தமாக இருக்கிறது.

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 22, இரவு 9.50

செவிலியர் அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். டெக்ஸாமெத்தாசோனைக் குறை சொல்ல மாட்டேன். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைக் காட்டியது. நாளுக்கு 6 மி.கி., பத்து நாட்கள் வரை. விலை மிகக் குறைவு. உங்கள் அப்பா இன்று நம்மோடு இருப்பதில் அந்த ஊசிக்கும் பங்கிருக்கலாம். ஆனால் ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பைத் தணிக்கும்போது, கல்லீரலில் உறங்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் விழித்துக்கொள்ளலாம். பத்து நாள் சிகிச்சையில் அந்த வாய்ப்பு குறைவு. அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தாலோ எதிர்ப்பைத் தணிக்கும் டோசிலிசுமாப் போன்ற ஊசி சேர்ந்தாலோ கூடும். அதனால் முதலில் பரிசோதிப்பதும், பாசிட்டிவ் என்றால் பிறகு சில மாதங்கள் நொதிகளைக் கவனிப்பதும் தேவை. உங்கள் அப்பாவுக்கு விடுபட்டவை இந்த இரண்டும்தான்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெம்டெசிவிர் நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கே நொதியை ஏற்றியது, நிறுத்தியதும் இறங்கியது. லோபினாவிர்-ரிட்டோனாவிர் முதல் அலையில் பலருக்கும் கொடுக்கப்பட்டு, பயன் இல்லையென்று கைவிடப்பட்டது. அதுவும் கல்லீரலுக்குச் சுமை. ஃபாவிபிராவிர் நொதியையும் யூரிக் அமிலத்தையும் ஏற்றும். அசித்ரோமைசின் அரிதாகப் பித்தத் தேக்கத்தை உண்டாக்கும். அப்பா இப்போது எடுத்த ஓசெல்டாமிவிரால் கல்லீரலுக்குத் தொல்லை வருவது அரிது.

"அன்றைய கொரோனா கெடுத்துவிட்டுப் போயிற்றா" என்ற கேள்விக்கு: அப்படி நடப்பது உண்டு, ஆனால் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் கிடந்தவர்களுக்கு. அவர்களில் சிலருக்குச் சில மாதங்கள் கழித்துப் பித்த நாளங்கள் தழும்பேறிச் சுருங்கின. கல்லீரல் மாற்று அறுவை வரை போனவர்களும் உண்டு. அதில் முதலில் ஏறுவது ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ். உங்கள் அப்பாவுக்கு அது 98தான். ஆகவே அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள்.

ராயபுரம் மருந்தாளுநர் | நவம்பர் 22, இரவு 10.15

அப்படியென்றால் இனிமேல் கல்லீரல் நோயுள்ளவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலைத் தவிர்த்துவிட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மருந்துகளைக் கொடுப்பது நல்லது என்று சொல்லலாமா, ஐயா? கடைக்கு வருபவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 22, இரவு 10.25

கூடவே கூடாது. தவறு அளவில் நேர்ந்தது, மருந்தில் நேரவில்லை. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு அந்த வலி மருந்துகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உணவுக்குழாய்ச் சிரைகளில் இரத்தக்கசிவையும் கொண்டு வரும். அவர்களுக்கும் காய்ச்சலுக்கு ஏற்றது பாராசிட்டமால்தான். நாளொன்றுக்கு 2,000 மி.கி.க்கு மேல் போகாமல், சில நாட்களுக்கு மட்டும். நிமெசுலைடு கலந்த மாத்திரையை அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதை 2011இலேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரினும் கூடாது. இன்ஃப்ளுயன்சாவோடு அது சேர்ந்தால் கல்லீரலும் மூளையும் ஒருசேரப் பாதிக்கும் ரேய் நோய் அரிதாக வரலாம்.

காசிமேடு அக்கா | நவம்பர் 23, காலை 6.40

இதை நான் முன்பே படித்திருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். குடியால் கல்லீரல் சுருங்கிவிட்டது என்று 2019இல் சொன்னார்கள். 2020 ஜூனில், ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே அதிகத் தொற்று என்று தினமும் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அவருக்குக் கொரோனா வந்தது. நுரையீரல் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. ஆனால் நான்காம் நாள் வயிறு நீர் கோத்து உப்பியது. பகலெல்லாம் தூங்கினார், இரவில் விழித்துக்கொண்டு பேச்சு மாறிப் பேசினார். காய்ச்சல் மயக்கம் என்றே நினைத்தேன். பதினோராம் நாள் போய்விட்டார். கல்லீரல் நோயாளிக்குப் பத்தியம் என்று சொல்லி, அந்தப் பத்து நாளும் மீன், முட்டை எதையும் கண்ணில் காட்டாமல் உப்பில்லாக் கஞ்சியே கொடுத்தேன். அதுவும் தவறா, ஐயா?

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 23, மதியம் 2.10

அக்கா, உங்கள் இழப்புக்கு நான் என்ன சொல்வது. நீங்கள் அன்போடு கொடுத்த கஞ்சி அவரைக் கொல்லவில்லை. முதலில் இதை நம்புங்கள். கல்லீரல் முற்றிலும் சுருங்கிய நிலையில் கொரோனா வந்தவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள் என்று 29 நாடுகளின் நோயாளிகளைத் தொகுத்த பதிவேடு காட்டியது. சுருக்கம் தொடக்க நிலையில் இருந்தவர்களில்கூட ஐந்தில் ஒருவரை இழந்தோம். உலகம் முழுவதும் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலும் அதே கதைதான்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் வயிறு உப்புதல், பகல் தூக்கம், பேச்சுக் குழறல், கருத்த மலம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைப்பது சரி. ஆனால் புரதத்தை நிறுத்தக்கூடாது. மீன், முட்டை, பருப்பு எல்லாம் கொடுக்கலாம். படுக்கப் போகும் முன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும்.

சித்தநெறி | நவம்பர் 23, இரவு 8.00

மரியாதையோடு ஒரு கேள்வி. 2020இல் அரசே வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியில் சித்த மருத்துவ மையம் நடந்தபோது நானும் அங்கே தொண்டு செய்தேன். நலமாகித் திரும்பியவர்களை நேரில் கண்டேன். இப்போது சிலர் சீந்தில் கல்லீரலைக் கெடுக்கும் என்று பரப்புகிறார்கள். கல்லீரலுக்கென்றே கீழாநெல்லியைக் கண்ட மரபு நம்முடையது. இது நியாயமா?

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 23, இரவு 10.40

ஐயா, நீங்கள் செய்த தொண்டை மதிக்கிறேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2021இல் மும்பையில், சீந்தில் சாறோ பொடியோ தொடர்ந்து எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேரைத் தொகுத்த பதிவும் வந்தது. தன் எதிர்ப்பு ஆற்றலே கல்லீரலைத் தாக்கும் நோயை அது கிளறிவிட்டதாக அவர்கள் கருதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, வேறு இனக் கொடி கலந்திருக்கலாம் என்றது. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. ஆனால் சில நாட்கள் அளவாகக் குடித்த குடிநீரையும், எதிர்ப்பு ஆற்றலுக்கென்று மாதக்கணக்கில் தினமும் குடித்த சாற்றையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே. கஷாயம் குடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைப்பதால், காரணம் தெரியாமல் நாங்கள் இருட்டில் தேடுகிறோம். கேட்கும் மருத்துவரும் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். இதில் எங்கள் பக்கம் பிழை நிறைய உண்டு.

சித்தநெறி | நவம்பர் 24, காலை 7.15

ஏற்கிறேன், ஐயா. முறையாகப் படித்த சித்த மருத்துவரும் நோயாளியின் மற்ற மருந்துகளைக் கேட்காமல் எதையும் கொடுக்க மாட்டார். கடையில் பாட்டிலாக வாங்கிக் குடிப்பதை நாங்களும் ஆதரிப்பதில்லை.

காசநோய்க் களப்பணி | நவம்பர் 24, மதியம் 1.30

கொடுங்கையூர், வியாசர்பாடிப் பகுதிகளில் காசநோய் மாத்திரை எடுப்பவர்களைப் பார்த்து வருகிறேன். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. மழைக்காலத்தில் இவர்களுக்கு வைரஸ் காய்ச்சல் வந்து நொதி ஏறினால், பயந்துபோய்த் தாங்களாகவே காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குமட்டல், மஞ்சள் போன்ற அறிகுறியோடு நொதி இயல்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மருத்துவரே நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். கொரோனாவுக்கான ரிட்டோனாவிர் கலந்த மாத்திரை ரிஃபாம்பிசினோடு சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்டையார்பேட்டை மகள் | நவம்பர் 29, இரவு 8.20

அப்பா வீட்டில் இருக்கிறார். நேற்றைய எண்கள்: எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 63, ஐ.என்.ஆர். 1.0. இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் எவ்வளவு என்று பார்க்க அரசு மருத்துவமனையில் இரத்தம் கொடுத்தோம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும், தேவைப்பட்டால் மாத்திரையும் இலவசம் என்றார்கள். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தோம். அம்மாவுக்கு எப்போதோ வந்து தானாகவே நீங்கி, எதிர்ப்பு ஆற்றலும் உண்டாகியிருக்கிறது. எனக்கும் தம்பிக்கும் தொற்று இல்லை, எதிர்ப்பும் இல்லை. முதல் தடுப்பூசி போட்டாயிற்று, அடுத்தது ஒரு மாதத்திலும் மூன்றாவது ஆறாம் மாதத்திலும். 2014இல் பிறந்த என் மகனுக்குப் பிறந்தபோதே போட்டிருக்கிறார்கள், அட்டையில் இருக்கிறது.

சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் அன்றன்றைக்குக் கிழிக்கும் தாளின் பின்புறத்தில், யார் எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தாலும் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு எழுத வராது. அட்டைத் துண்டையே தாளில் குத்தி வைக்கிறார். அந்தச் செட் மாத்திரையைக் கொடுத்தது தான்தானே என்று இரண்டு நாட்கள் அழுதார். கேட்டது வலிக்கு மருந்து. உறைக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே.

கடைசியாக ஒரு கேள்வி. அப்பாவுக்கு இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போடலாமா? கல்லீரல் இப்படி இருக்கும்போது அது கெடுதல் செய்யுமா?

கல்லீரல் பிரிவு மருத்துவர் | நவம்பர் 29, இரவு 10.05

தாராளமாகப் போடலாம். செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசி அது. நாட்பட்ட கல்லீரல் நோயுள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் போடச் சொல்கிறோம். உடம்பு முழுவதும் தேறி, நன்றாகச் சாப்பிடத் தொடங்கியபின் போட்டுக்கொள்ளட்டும். வைரஸ் அளவு வந்ததும் வயிற்று ஸ்கேனும் கல்லீரல் இறுக்கம் பார்க்கும் பரிசோதனையும் எடுத்துவிட்டு, ஹெப்படைட்டிஸ் பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை இப்போதே வேண்டுமா, கவனித்தால் போதுமா என்று முடிவு செய்வார்கள். போகும்போது 2021ஆம் ஆண்டுக் கோப்பையும், அந்த நாட்காட்டித் தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அம்மாவிடம், அட்டைத் துண்டைக் குத்தி வைப்பது எழுதுவதைவிடச் சிறந்த பதிவு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.